வாயில்லாச் சாட்சி

ஆட்டையும் மாட்டையும் கண்டு நெஞ்சு இளகும்போது நம்மவர் நாவில் வரும் சொல் 'வாயில்லாச் சீவன்' என்பது. வண்டியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியவனை வழிப்போக்கர் ஒருவர் நிறுத்தி, "வாயில்லாச் சீவனப்பா, பாவம் சும்மா விடாது" என்று கடிந்துகொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். மேய்கிற வாயும் கத்துகிற வாயும் அவற்றுக்கு உண்டு. ஆயினும் நம் மொழி அவற்றை வாயில்லாதவை என்றே சொல்லி வந்திருக்கிறது. முறையிடுகிற வாயைத்தான் அச்சொல் கருதுகிறது போலும். தனக்கு இழைக்கப்பட்டதை நாளை இன்னொருவரிடம் எடுத்துரைக்க இயலாத உயிர் என்பதே அதன் பொருள். இரக்கத்தால் பிறந்த இச்சொல்லைச் சற்றே நின்று நோக்கினால் கடினமானதொரு வினா எழுகிறது. முறையிட இயலாத ஓர் உயிரிடத்தில் நாம் உண்மையாக நடந்துகொண்டோமா என்பதை யார் அறிவார்? எவரும் அறியப்போவதில்லை எனில், அந்த உண்மைக்கு நாம் ஏன் கடமைப்பட்டிருக்கிறோம்?

இவ்வினாவை நாள்தோறும் கையால் தொட்டுப் பார்க்கிற ஒரு தொழிலின் வழியே ஆராய்வது நன்று என்று நமக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் குதிரை மருத்துவமனைகளில் செவிலியப் பயிற்சிக்குச் சேரும் இளையோரின் தொடக்க மாதங்களையே கருதுகிறோம். குதிரைக்கென்று தனிச் செவிலியர் உண்டு என்பதே நம் வாசகருள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

கால்நடை மருத்துவம் என்னும் துறையே பெரிதும் குதிரையின் முதுகேறி வந்ததுதான். 1761ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் முதற் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு அனுமதி பெற்ற குளோட் பூர்ழெலா குதிரையேற்றப் பள்ளியொன்றின் தலைவராக இருந்தவர். இலண்டனில் 1791இல் கல்லூரி தொடங்கியபோதும் குதிரையே அதன் முதன்மை நோயாளி. ஆனால் மருத்துவருக்குத் துணைநின்று நோயுற்ற விலங்கைப் பேணுவோரை ஒரு தொழிலினராக ஏற்க இங்கிலாந்துக்கு நெடுங்காலம் ஆயிற்று. அந்நாட்டுக் கால்நடை மருத்துவர்களை நெறிப்படுத்தும் அரச கழகம் 1961இல்தான் இதற்கென ஒரு பயிற்சித் திட்டத்தை ஏற்றது. அப்போதும் 'நர்ஸ்' என்ற பெயர் கொடுக்கப்படவில்லை. அப்பெயரை மனிதரைப் பேணுவோர்க்கே சட்டம் ஒதுக்கி வைத்திருந்தமையால், 'விலங்குப் பேணல் துணையாளர்' என்னும் பொருள்பட நீண்டதொரு பெயரைச் சூட்டினர். 1984இல்தான் 'கால்நடைச் செவிலியர்' என்ற பெயர் வழக்கிற்கு வந்தது. 2015இல் அரச சாசனம் ஒன்று அதனைத் தனித் தொழிலாக ஏற்றது. ஒரு பெயருக்காக இருபத்துமூன்று ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். பேசாத உயிர்களோடு பழகுவோரின் குரலும் மெல்லவே கேட்கப்படுகிறது.

இப்பயிற்சிக்கு வருவோர் பெரும்பாலும் இளம் பெண்கள். சிறுவயது முதலே குதிரையின்மேல் தீராத அன்பு கொண்டவர்கள். அந்த அன்புதான் அவர்களை அங்கே அழைத்து வருகிறது. வந்ததும் அவர்கள் கையில் கொடுக்கப்படுவது நீண்ட பிடியுள்ள வைக்கோல் வாரியும் தள்ளுவண்டியும். லாயத்தைப் பெருக்க வேண்டும். ஈரப் படுக்கையை வாரிக் கொட்டிப் புதிது விரிக்க வேண்டும். உலர்புல்லை நீரில் ஊறவைக்க வேண்டும். வாளிகளைத் தேய்க்க வேண்டும். 'செவிலியம் கற்க வந்தோம், கூலி வேலை செய்கிறோம்' என்று முதல் மாதத்தில் முணுமுணுக்காதவர் அரியர்.

ஆனால் அந்தக் கூலி வேலைக்குள்தான் கல்வி தொடங்குகிறது. குதிரை வாந்தியெடுக்க இயலாத விலங்கு. இரைப்பையின் நுழைவாயில் தசை அத்தனை இறுக்கமாக மூடிக்கொள்வது. உள்ளே சென்றது முன்னோக்கியே போயாக வேண்டும். எங்கேனும் தடைப்பட்டால் வயிறு உப்பி, குடல் முறுக்கி, சில மணி நேரத்தில் உயிருக்கே இறுதியாகலாம். நம் முன்னோர் சூலை என்று சொன்ன கொடிய வயிற்றுவலியே குதிரையுலகின் பேரச்சம். ஆகவே கொட்டிலில் கிடக்கும் இலத்தி வெறும் அழுக்கு அன்று, அது செய்தி. நலமுள்ள குதிரை ஒரு நாளில் ஏறத்தாழ 8 முதல் 12 முறை இலத்தியிடும். நேற்றைக்கு எத்தனை, இன்றைக்கு எத்தனை, உருண்டை உலர்ந்திருக்கிறதா, இளகியிருக்கிறதா என்பதையெல்லாம் கூட்டிப் பெருக்கும் பெண்ணே முதலில் அறிகிறாள். குடல் அறுவைக்குப் பின் ஒரு குதிரை முதன்முதலாக இலத்தியிடும்போது மருத்துவமனை முழுவதும் மகிழும் என்றால் நம்மவர் சிரிக்கக்கூடும். அங்கே எவரும் சிரிப்பதில்லை. வயிறு இரைவதும் அப்படித்தான். விருந்தில் நம் வயிறு இரைந்தால் நாம் வெட்குவோம். குதிரையின் வயிறு இரையாமல் அமைதியாகிவிட்டால் அங்குள்ளோர் அஞ்சுவர். இடமும் வலமும் மேலும் கீழுமாக நான்கு இடங்களில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அந்த இரைச்சலைக் கேட்கப் பழகுவது தொடக்கப் பாடங்களுள் ஒன்று.

இனி, நம் வினா பிறக்கும் இடத்திற்கு வருவோம். அது இரவு.

நோயுற்ற குதிரையைக் குறிப்பிட்ட இடைவேளையில், கடுமையான நிலையாயின் மணிக்கொரு முறைகூடப் பார்க்க வேண்டும். கொட்டிலின் வாயிலில் ஒரு தாள் தொங்கும். கட்டம் கட்டமாகக் கோடிட்ட தாள். நாடி, மூச்சு, உடல் வெப்பம், ஈறின் நிறம், குடலின் ஒலி, குடித்த நீர், இட்ட இலத்தி என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். வளர்ந்த குதிரையின் நாடி ஓய்வில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 28 முதல் 44 வரை; மூச்சு 8 முதல் 16 வரை; வெப்பம் செல்சியசில் 37 முதல் 38.5 பாகை வரை. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். இவ்வெண்களைப் பயிற்சிப் பெண் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறாள். இடர் இங்கேதான். நலமுள்ள விடை இன்னதென்பது பார்க்காமலேயே அவளுக்குத் தெரியும்.

அதிகாலை மூன்று மணி. பனி கொட்டுகிறது. நாள் முழுவதும் உழைத்த உடல். நள்ளிரவிலும் அதற்கு முன்னும் அந்தக் குதிரையின் நாடி 40. இப்போதும் 40 ஆகத்தான் இருக்கும். எழுந்து, காலணி மாட்டி, முற்றத்தைக் கடந்து, குளிர்ந்த விரல்களைத் தாடையின் அடியில் வைத்து நாடி தேடுவானேன்? விடியற்காலையில் ஆறு மணிக் கட்டத்தோடு சேர்த்து மூன்று மணிக் கட்டத்திலும் 40 என்று எழுதிவிடலாம். மனித நோயாளி என்றால், "இரவு எவரும் எட்டிப் பார்க்கவில்லை ஐயா" என்று காலையில் மருத்துவரிடம் சொல்லிவிடுவார். குதிரை சொல்லாது. அந்தக் கொட்டிலில் நடந்ததற்கும் நடக்காததற்கும் அது ஒன்றே சாட்சி, அச்சாட்சிக்கு வாயில்லை.

குதிரை நலமாக விழித்தெழுந்தது என்றே கொள்வோம். அந்தப் பொய்யான 40ஆல் யாருக்கு என்ன கேடு? வலி கூடவில்லை, மருந்து தவறவில்லை. மெய்யியலார் இருவரை இங்கே அழைத்துக் கேட்கலாம். ஆங்கிலேயராகிய ஜெரமி பெந்தாம் 1789இல் வெளியிட்ட தம் நூலில், ஓர் உயிரை நம் அறநெறிக்குள் சேர்ப்பதற்கு அது சிந்திக்கிறதா, பேசுகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை, அது துன்புறுமா என்று பார்ப்பதே போதும் என்று வாதிட்டார். அவ்விடத்தில் அவர் எடுத்துக்காட்டிய விலங்குகளுள் குதிரையும் ஒன்று. அவருடைய அளவுகோல் பெரிது. ஆனால் நம் பயிற்சிப் பெண்ணின் இரவுக்கு அது போதவில்லை. துன்பம் நேராத இடத்தில் அது வாய்மூடிக்கொள்கிறது. செருமானியராகிய கான்ட் தம் சொற்பொழிவுகளில் வேறொரு வழி காட்டினார். விலங்குக்கு நாம் நேரடியாகக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் விலங்கிடம் கடினமாக நடப்பவன் மனிதரிடமும் அப்படியே நடக்கப் பழகுவான், ஆகவே நம் மனிதத்தன்மையைக் காத்துக்கொள்ளவே விலங்கிடம் நல்லவராயிருக்க வேண்டும் என்றார். குதிரையின் தாளில் பொய் எழுதப் பழகியவள் நாளை மனிதரிடமும் பொய் சொல்வாள் என்பது அவர் பக்கத்து விடையாக இருக்கும். அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும், பனியில் முற்றத்தைக் கடந்து செல்லும் பெண்ணைக் கேட்டால், நாளைக்குச் சந்திக்கப்போகும் மனிதருக்காக நான் எழுந்துவரவில்லை, இந்தக் குதிரைக்காகவே வந்தேன் என்பாள். அவள் சொல்வதே சரியென்று நாம் கருதுகிறோம்.

ஏன்? அந்தத் தாள் செவிலியின் வருகைப் பதிவேடு அன்று. அது குதிரைக்கு நாம் செய்து கொடுத்திருக்கும் வாய். தன் வயிற்றின் நிலையை, தன் நெஞ்சின் ஓட்டத்தை, தன் தாகத்தை அந்த உயிர் மருத்துவருக்குத் தெரிவிக்க அந்தக் கட்டங்களையன்றி வேறு வழியில்லை. எண்ணாமல் எழுதிய 40 என்பது அவள் சொன்ன பொய் மட்டுமன்று. குதிரையின் வாயில் திணித்த பொய். பிறரைப் பற்றிப் பொய் சொல்வது ஒரு குற்றம். பேச இயலாதவரின் பெயரால், அவர் சொன்னதாகவே ஒன்றைச் சொல்வது அதனினும் கனமான குற்றம். வலி நேர்ந்தாலும் நேராவிட்டாலும் அதன் கனம் குறைவதில்லை.

மறுப்புக்கும் இடமுண்டு. பல நாள் வலித்துக் களைத்த குதிரை, அரிதாகப் படுத்து உறங்கும் வேளையில் அதை எழுப்பி நாடி பார்ப்பது கருணையா? குதிரை நின்றபடியே கண்ணயரும். ஆழ்ந்த உறக்கத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் அது படுத்தாக வேண்டும். அதைக் கலைக்காமல் விடுவதே சில இரவுகளில் மேலான பணிவிடையாகலாம். அப்படியாயின், 'படுத்திருக்கிறது, மூச்சு 12, கதவருகே நின்று எண்ணியது, எழுப்பவில்லை' என்று எழுதலாமே. மூத்த செவிலியர் அதை ஏற்பர். வெறுமையாக விட்ட கட்டத்தைக்கூட ஒருவர் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நிரப்பப்பட்ட பொய்க் கட்டத்தை எவரும் கேள்வி கேட்பதில்லை.

அன்பு இருந்தால் இவையெல்லாம் தாமே வந்துவிடும் என்று சிலர் எண்ணலாம். இத்தொழில் அந்த எண்ணத்தை வெகு விரைவில் திருத்திவிடுகிறது. குதிரை வேட்டையாடப்படும் இனம். தளர்ச்சியைக் காட்டிய விலங்கே முதலில் இரையாகும் சமவெளியில் வளர்ந்தமையால், வலியை மறைப்பது அதன் பிறவிக்குணமாயிற்று என்பர். 2020இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர், எலும்பு அறுவை செய்துகொண்ட குதிரைகளை இடைவிடாது ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தனர். தனித்திருக்கையில் அவை காட்டிய வலியின் அறிகுறிகள், பேணுவோர் கொட்டிலுக்குள் வந்து நின்ற பொழுதுகளில் பெரிதும் குறைந்தன அல்லது நின்றுபோயின. எண்ணிப் பாருங்கள். காலடியோசை கேட்டதும் குதிரை தலை நிமிர்த்துகிறது, காதை முன்னே நீட்டுகிறது. 'என்னைக் கண்டதும் இதற்கு எத்தனை மகிழ்ச்சி!' என்று அன்புள்ளவள் உருகுகிறாள். அந்த உருக்கத்தில் நாடி எண்ணும் கை தளர்ந்துவிட்டால், அன்பே நோயாளிக்குப் பகையாகிவிடும். தாடையடியில் விரல் வைத்துப் பார்த்தால் நாடி 64. முகம் மறைத்ததைக் குருதிக் குழாய் மறைப்பதில்லை.

முகத்தையும் கற்றுக்கொள்ள முடியும் என்பது வேறு. இத்தாலியின் மிலான் பல்கலைக்கழக ஆய்வாளர் முன்னின்று 2014இல் வெளியிட்ட ஓர் அளவுகோல், குதிரையின் முகத்தில் ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறது. பின்னோக்கி விறைத்த காது, சுருங்கிய இமை, கண்ணுக்கு மேலே தெரியும் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாயும் மோவாயும், விறைத்த மூக்குத்துளை என்பன அவை. இங்கிலாந்தின் சூ டைசன் என்னும் மருத்துவர் தம் குழுவினரோடு 2018இல், ஏறிச் செலுத்தப்படும் குதிரையிடம் காணத்தக்க 24 நடத்தைகளை வரிசைப்படுத்தி, அவற்றுள் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் வலியை ஐயுற வேண்டும் என்றார். முன்னர் 'முரட்டுக் குதிரை', 'சோம்பேறிக் குதிரை' என்று அடிவாங்கிய எத்தனையோ குதிரைகள் வலியால் அவ்வாறு நடந்திருக்கக்கூடும். குதிரைகளை நேசித்தவரே அவற்றை அவ்வாறு அடித்தனர் என்பதுதான் வருத்தம். நேசம் அவர்களிடம் குறைவாயிருக்கவில்லை. பார்க்கப் பழகவில்லை, அவ்வளவே.

கொட்டிலில் இன்னொரு வாயில்லா உயிரும் உண்டு. அது பயிற்சிப் பெண்தான்! குதிரையின் உரிமையாளர், பயிற்றுநர், மருத்துவர், தலைமைச் செவிலியர் என்ற படிவரிசையில் அவள் கடைசிப் படி. நோய் இன்னதென்று அறுதியிடுவது அவள் பணியன்று. 1966ஆம் ஆண்டின் சட்டம் அவ்வுரிமையை மருத்துவருக்கே வைத்திருக்கிறது. பயிற்சியில் இருப்பவர் எதைச் செய்தாலும் மேற்பார்வையின் கீழ்தான் செய்யலாம். இவ்வொழுங்கு தேவையானதே, குறை சொல்லமாட்டோம். ஆனால் இரவில் குதிரையோடு இருந்தவள் அவள். காலையில் எல்லாரும் விரைந்துகொண்டிருக்கும்போது, "இது நேற்றைப்போல் இல்லை" என்று சொல்ல அவளுக்கு நா எழுமா? 'இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் மருத்துவம் பேசுகிறாள்' என்ற பார்வைக்கு அஞ்சி விழுங்கிவிட்டால், குதிரைக்கு இருந்த ஒரே வாயும் அடைபட்டுப் போகிறது.

கீழ்ப்படிதல் என்பது வாயை மூடிக்கொள்ளுதல் என்று நாமும் நம் வீடுகளிலும் நிறுவனங்களிலும் வெகுகாலமாகக் கற்பித்து வந்திருக்கிறோம். மருத்துவர் சொன்னபடி செய்வது கீழ்ப்படிதல். தான் கண்டதை அவர் காதில் போடுவதும் அதே கீழ்ப்படிதலின் மறுபாதி. அதே வேளையில், புதியவரின் கலக்கமெல்லாம் உண்மையாகிவிடாது. இங்கேதான் எண்ணின் அருமை விளங்குகிறது. "எனக்கு என்னவோ பயமாயிருக்கிறது" என்றால் கையசைத்து அனுப்பிவிடுவர். "இரண்டு மணிக்கு 44, நான்கு மணிக்கு 52, இப்போது 64, வலப்பக்கம் குடலின் ஒலி இல்லை, இரவு முழுவதும் இலத்தி இல்லை" என்றால் எத்தனை மூத்தவரும் நின்று திரும்புவார். தானே எண்ணி எழுதிய எண் மெல்லிய குரலுக்கும் முதுகெலும்பாகிறது. எண்ணாமல் எழுதியவளுக்கு அந்தத் துணிவு வாராது. கேட்டால் தடுமாறிப்போவாள்.

அந்த எண்களின்மேல் என்னென்ன ஏற்றி வைக்கப்படுகின்றன என்பதைக் காண வேண்டுமாயின், சூலையால் துடிக்கும் குதிரைக்கு அறுவை செய்வதா வேண்டாமா என்று ஆலோசிக்கும் வேளையைப் பார்க்க வேண்டும். அரை டன் எடையுள்ள விலங்கை மயக்குவதே பேரிடர். 2002இல் வெளியான பெரியதோர் ஆய்வு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கணக்கிட்டது. சூலை அல்லாத காரணங்களுக்காக மயக்கப்பட்டவற்றிலேயே நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று ஏழு நாளுக்குள் இறந்தது. பிற்கால ஆய்வுகளில் இது குறைந்திருப்பினும் அச்சம் அகலவில்லை. ஒருபுறம் கத்தியின் ஆபத்து, மறுபுறம் காத்திருப்பதன் ஆபத்து. பெருஞ்செலவு வேறு. நடுவே கிடப்பது அந்தத் தாள்.

சில நேரங்களில் ஆலோசனை அதற்கும் அப்பால் செல்கிறது. மனித உயிரின் இறுதியைப் பற்றிய வினா முற்றிலும் வேறானது. அதை இதனோடு கலக்க நாம் ஒருப்படோம். குதிரையைப் பொறுத்தவரை, தீராததும் தாங்கொணாததுமான வலியில் கிடக்க விடுவதைவிட அமைதியாக முடித்துவைப்பதே கடமை என்று அந்நாட்டு மருத்துவர் கருதுகின்றனர். காப்பீடு செய்யப்பட்ட குதிரையாயின், உடனடியாக உயிர் நீக்குவதற்கு அங்குள்ள குதிரை மருத்துவர் சங்கம் ஒரு வரையறை வைத்திருக்கிறது. மீளாத, மிகையான வலி இருக்க வேண்டும். அந்நேரத்தில் வேறு சிகிச்சைக்கு வழியில்லாதிருக்க வேண்டும். உரிமையாளரின் கண்ணீர், காப்பீட்டின் பணம், பயிற்றுநரின் ஆசை என யாவும் அந்த அறையில் பேசுகின்றன. பதிவேட்டில் பெயர் சேரும் நாளில் கால்நடை மருத்துவரும் செவிலியரும் தம் பேணலில் ஒப்படைக்கப்பட்ட விலங்கின் நலனையே யாவற்றிற்கும் மேலாகக் கருதுவோம் என்று உறுதிமொழி கொடுக்கிறார்கள். இருந்தும், இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கொள்வாயா என்று குதிரையை எவரும் கேட்க முடியாது. மூன்று நாளைய தாள்களை மேசைமேல் பரப்பி, அவை என்ன சொல்கின்றன என்று பார்க்கிறார்கள். அதிலுள்ள மூன்று மணிக் கட்டம் பொய்யாயிருந்தால்? தாங்க முடியாததைத் தாங்கும்படி ஓர் உயிரை இருத்தியிருப்பார்கள். அல்லது பிழைக்கக்கூடியதை முடித்திருப்பார்கள். எது நடந்தது என்பதும் எவருக்கும் தெரியாது.

முடிவு செய்தபின், கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையின் தலைமாட்டில் நிற்பவர் பெரும்பாலும் செவிலியர். சில வேளை பயிற்சிப் பெண்ணே நிற்பதும் உண்டு. எங்கே நிற்க வேண்டும், அது சாயும்போது எப்பக்கம் விலக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லித் தருவார்கள். மற்றதை எவரும் சொல்லித் தருவதில்லை. கழுத்தில் கை வைத்து, வழக்கமான குரலில் ஏதேனும் பேசிக்கொண்டிருப்பாள். பின்பு மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெஞ்சொலி நின்றதை உறுதிசெய்வார், கண்மணியைத் தொட்டுப் பார்ப்பார், நேரம் சொல்வார். தாளின் கடைசிக் கட்டத்தில் அவள் அதை எழுதுவாள்.

பிறகு அக்கொட்டிலைச் சுத்தம் செய்ய வேண்டும். படுக்கை முழுவதையும் வாரித் தள்ளி, சுவரையும் தரையையும் கிருமிநாசினியால் கழுவி, உலரவிட்டு, புதிய வைக்கோல் பரப்புவாள். மாலைக்குள் வேறொரு குதிரை வண்டியிலிருந்து இறங்கும். வாளியில் நீரை அளந்து ஊற்றி, கதவில் புதிய தாளைத் தொங்கவிட்டு, அது சற்று அடங்கும்வரை காத்து நின்று, தாடையடியில் விரல் வைத்து எண்ணத் தொடங்குவாள்.